பல் மருத்துவர்களைச் சக மருத்துவர்கள் விசாரிக்கும்போது எதை மூடலாம், எதை மூடக் கூடாது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல் சிகிச்சையில் நேரும் தவறுகளைப் பல் மருத்துவர்களே கூடி விசாரிக்கலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், 'வேலிக்கு ஓணான் சாட்சியா?' என்று கேட்டு அதை ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. அப்படிக் கேட்பவர்கள் அதோடு நிற்காமல், விசாரணையில் பேசப்படும் ஒவ்வொன்றும் பொதுவில் வைக்கப்பட வேண்டும், குழுவின் குறிப்புகள் நீதிமன்றத்துக்கும் தகவல் உரிமை மனுவுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று சொல்லும்போதுதான் என்னால் உடன்பட முடியவில்லை. அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கதவைத் திறந்து வைத்து நடத்தும் விசாரணையில் ஒரு பல் மருத்துவர் இன்னொரு பல் மருத்துவரைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பதைப் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். மூடி வைக்க வேண்டியது எது, எந்தக் காரணத்தைக் கொண்டும் மூடக் கூடாதது எது என்று நம் சட்டம் பிரித்துச் சொல்லவில்லை என்பதே என் குறை.

பல் மருத்துவர் எவருக்கும் பழக்கமான ஒரு நிலைமையைச் சொல்கிறேன். வேறொரு கிளினிக்கில் கீழ்த்தாடையில் பிரிட்ஜ் (இழந்த பல்லுக்குப் பதிலாகப் பக்கத்துப் பற்களின் மேல் கேப் போட்டுப் பொருத்தும் செயற்கைப் பல்) போட்டுக்கொண்ட ஒருவர், ஓராண்டுக்குள் ஈறு வீங்கி வலியோடு வருகிறார். கேப்பின் விளிம்பு பல்லோடு பொருந்தவில்லை. சோதித்துப் பார்க்கும் மெல்லிய கம்பியான ப்ரோபின் முனை அந்த இடுக்கில் தடையில்லாமல் நுழைகிறது. எக்ஸ்ரேயில் பிரிட்ஜைத் தாங்கும் பல்லின் ரூட் கெனால் பாதி நீளத்தோடு நின்றுபோயிருப்பது தெரிகிறது. அதற்குக் கீழே, வேரின் நுனிப் பக்கமாக, வேர்க்குழியைச் சுத்தம் செய்யும் ஃபைல் என்ற ஊசி போன்ற கருவியின் உடைந்த துண்டு ஒன்று மெல்லிய வெள்ளைக் கோடாக நிற்கிறது. ஃபைல் உடைவது கைதேர்ந்தவர்களுக்கும் நேரக்கூடியதுதான். அதை நோயாளியிடம் சொல்லாமல் மேலே கேப் போட்டு மூடியதுதான் குற்றம். பார்க்கிற மருத்துவருக்கு ஐந்து நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிடும். "அப்படின்னா இது அவங்க தப்புதானே டாக்டர், எழுதிக் குடுங்களேன்" என்று நோயாளி கேட்டதும், விளங்கியது அத்தனையும் மறைந்துபோகும். 'பிரிட்ஜை எடுத்துவிட்டு மறுபடியும் செய்ய வேண்டும்' என்பதோடு மருத்துவர் நிறுத்திக்கொள்வார். கேஸ் ஷீட்டில் பழைய பிரிட்ஜ் அகற்றப்பட்டது என்று எழுதுவார். ஏன் அகற்றப்பட்டது என்பதற்கு ஒரு சொல் இருக்காது.

இதைக் கோழைத்தனம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தவருக்கு அடுத்து என்ன வருகிறது என்று பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. முதலில் எதிர்த்தரப்பின் வக்கீல் நோட்டீஸ் வரும். அவதூறு என்ற குற்றத்துக்கு, பழைய தண்டனைச் சட்டத்திலும் இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும், நல்லெண்ணத்துடன் உரிய அதிகாரியிடம் கூறிய குற்றச்சாட்டு அவதூறாகாது என்ற விதிவிலக்கு இருப்பது உண்மையே. நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன் என்பதை வழக்கு நடக்கும்போது நிறுவ வேண்டியவர் சொன்னவர்தான். வழக்கே வராமல் அந்த விதிவிலக்கு தடுப்பதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடந்தால் சாட்சியாக அழைப்பார்கள். குறை சொல்லப்பட்டவரோ அடுத்த தெருவில் கிளினிக் வைத்திருப்பவர், சங்கக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் நீதிமன்றங்கள் மருத்துவ வழக்குகளைத் தீர்ப்பதற்கு நம்பியிருப்பதே சக மருத்துவரின் கருத்தைத்தான். 1995இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. பத்து ஆண்டுகள் கழித்து ஜேக்கப் மேத்யூ வழக்கில், மருத்துவர் மீது அலட்சியக் குற்றம் சாட்டும் தனிப்புகாரை ஏற்பதற்கு முன் தகுதியுள்ள வேறொரு மருத்துவரின் நம்பத்தகுந்த கருத்து முன்வைக்கப்பட வேண்டும் என்றும், விசாரணை அதிகாரி அத்தகைய கருத்தைக் கூடுமானவரை அரசுப் பணியில் உள்ள மருத்துவரிடமிருந்து பெற வேண்டும் என்றும் கூறியது. அதன் பிறகு காவல் நிலையத்திலிருந்து அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குக் கருத்துக் கேட்டுக் கடிதம் வருவது சாதாரணமாகிவிட்டது. கருத்துச் சொல்லியே தீர வேண்டும் என்று எதிர்பார்க்கும் சட்டம், சொன்னவருக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்விக்குப் பதில் தருவதில்லை. எனவே கருத்துகள் எப்படி எழுதப்படுகின்றன என்றால், 'மேற்படி சிக்கல் இவ்வகைச் சிகிச்சையில் ஏற்படக்கூடியதே' என்று எழுதப்படுகின்றன. அந்த வாக்கியம் பொய்யன்று. நோயாளிக்கு எந்த உதவியும் செய்வதுமன்று.

சாட்சியச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். வழக்கறிஞரும் கட்சிக்காரரும் பேசிக்கொண்டதை வெளியிடச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது. அரசு அலுவலகங்களுக்கு இடையிலான ரகசியத் தகவல்களுக்கும் ஓரளவு காப்பு உண்டு. அரசு மருத்துவமனைக் குழுவின் குறிப்பு சில வேளை அதற்குள் ஒதுங்கிக்கொள்ளலாம். ஒரு தனியார் பல் மருத்துவமனையோ பல் மருத்துவர் சங்கத்தின் கிளையோ தன் உறுப்பினர் ஒருவரின் சிகிச்சையை நேர்மையாக ஆராய்ந்து எழுதி வைத்தால், அந்தத் தாளுக்கென்று எந்தக் காப்பும் இல்லை. 1872ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியமும் இதைத் தொடவில்லை. ஆகவேதான் மினிட்ஸ் புத்தகங்களில் 'விவாதிக்கப்பட்டது. தக்க அறிவுரை வழங்கப்பட்டது' என்ற இரண்டு தொடர்களுக்கு மேல் காண்பதற்கில்லை. அதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிப் படிக்கிறவருக்கும் அதற்கு மேல் எதுவும் கிடைக்காது.

அமெரிக்காவில் இந்தச் சிக்கலோடு அரை நூற்றாண்டுக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்கள் கண்டது முழுவதும் சரியென்று நான் சொல்லவில்லை. எங்கே சரிந்தார்கள் என்பதுதான் நமக்குக் கூடுதலாகப் பயன்படும். கலிஃபோர்னியா 1968இல் தன் சாட்சியச் சட்டத்தில் 1157ஆம் பிரிவைச் சேர்த்து, மருத்துவ, பல் மருத்துவ ஆய்வுக் குழுக்களின் நடவடிக்கைகளையும் பதிவுகளையும் வழக்காடுகிறவர்கள் கேட்டுப் பெற முடியாது என்றும், கூட்டத்தில் இருந்தவரை அங்கே நடந்ததைப் பற்றிச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் வகுத்தது. 1970இல் வாஷிங்டனில் பிரெடிஸ் எதிர் டாக்டர்ஸ் ஹாஸ்பிடல் வழக்கை விசாரித்த கூட்டாட்சி நீதிமன்றம், தான் பேசியது நாளை வழக்கில் ஆதாரமாகும் என்ற அச்சம் இருந்தால் எந்த மருத்துவரும் சக மருத்துவரின் பணியை மனம் திறந்து விமர்சிக்க மாட்டார் என்ற காரணத்தைக் கொண்டு, மருத்துவமனைக் குழுவின் கூட்டக் குறிப்புகளைத் தர வேண்டியதில்லை என்றது. காலப்போக்கில் ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் இத்தகைய சட்டம் இயற்றிக்கொண்டன.

அங்குள்ள பல் மருத்துவச் சங்கங்களின் ஆய்வுக் குழு எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம்மிடம் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. நோயாளி எழுத்து மூலம் புகார் தருகிறார். முதலில் சமரசத்துக்கு முயல்வார்கள். அது கூடாவிட்டால், குழுவைச் சேர்ந்த பல் மருத்துவர்கள் நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்து வாயைச் சோதிக்கிறார்கள்; எக்ஸ்ரேக்களையும் சிகிச்சைப் பதிவுகளையும் பார்க்கிறார்கள்; சிகிச்சை அளித்தவரையும் தனியே கேட்கிறார்கள். தரம் போதாது என்று முடிவானால் வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரச் சொல்வார்கள். வலிக்கும் மன உளைச்சலுக்கும் நட்ட ஈடு அங்கே கிடையாது. அது நீதிமன்றத்தின் வேலை. வழக்குப் போட்டுவிட்ட விவகாரத்தைக் குழு தொடுவதில்லை. பிரிட்ஜுக்குக் கொடுத்த பணம் திரும்பி வந்தால் போதும் என்று நினைக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை, நுகர்வோர் ஆணையத்தில் வாய்தா வாங்கி அலைந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த ரகசிய அறைக்குள்ளேயே அநியாயமும் நடந்தது. ஆரிகன் மாநிலத்தின் ஆஸ்டோரியா என்ற சிற்றூரில், டிமத்தி பேட்ரிக் என்ற அறுவை மருத்துவர், ஊரின் பெரிய கிளினிக்கில் பங்குதாரராகச் சேர மறுத்துத் தனியாகத் தொழில் தொடங்கினார். அந்தக் கிளினிக்கின் மருத்துவர்களே பின்னாளில் ஊரின் ஒரே மருத்துவமனையில் அவர் சிகிச்சை செய்யும் உரிமையைப் பறிப்பதற்கான ஆய்வு நடவடிக்கையில் முன்னின்றார்கள். தரத்தைக் காப்பதற்காக அன்று, போட்டியாளரை ஒழிப்பதற்காகவே இது நடந்தது என்று அவர் வழக்குத் தொடுத்தார். ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஜூரிகள் வழங்கிய 6,50,000 டாலர் இழப்பீடு, அச்சட்டப்படி மும்மடங்காக்கப்பட்டது. இடையில் மேல்முறையீட்டில் தோற்றாலும், 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேட்ரிக்கின் பக்கமே நின்றது. நோயாளியைப் பற்றிய கவலையே இல்லாமல் ஓர் ஆய்வுக் குழு நடக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1986இல், அமெரிக்க நாடாளுமன்றம் மருத்துவத் தர மேம்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. பல் மருத்துவர்களையும் அது வெளிப்படையாகச் சேர்த்தே பேசுகிறது. ஆய்வுக் குழுவில் இருப்பவர்கள் இழப்பீட்டு வழக்கிலிருந்து காப்புப் பெறலாம். அந்தக் காப்பு இலவசமாகக் கிடைப்பதில்லை. நடவடிக்கை தரமான சிகிச்சையை முன்னிட்டது என்று நியாயமாக நம்பியிருக்க வேண்டும். உண்மைகளைத் திரட்ட நியாயமான முயற்சி செய்திருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவருக்கு முன்னறிவிப்பும் தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பும் தந்திருக்க வேண்டும். கிடைத்த உண்மைகள் அந்த நடவடிக்கைக்கு இடமளிக்கின்றன என்று நியாயமாக நம்பியிருக்க வேண்டும். குழுவிடம் தகவல் சொன்னவருக்கும், சொன்னது பொய், அது பொய்யென்று அவருக்கே தெரியும் என்று நிறுவப்பட்டாலன்றி, காப்பு உண்டு. நான் மேலே சொன்ன பிரிட்ஜை எடுத்துப் பார்த்த இரண்டாவது மருத்துவருக்கு நம் நாட்டில் இல்லாதது இந்தக் கடைசிப் பாதுகாப்புத்தான். நம் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவு சேர்க்க இடம் கிடைத்தாலும் நான் இதைத்தான் கேட்பேன்.

அதே சட்டம் தேசிய அளவில் ஒரு தகவல் வங்கியையும் உண்டாக்கியது. 1990 செப்டம்பரில் அது இயங்கத் தொடங்கியது. மருத்துவர், பல் மருத்துவர் சார்பில் காப்பீட்டு நிறுவனங்கள் தந்த இழப்பீடுகளும், உரிமம் மீதான தண்டனைகளும் அதில் பதிவாகின்றன. மருத்துவமனைகளும் உரிமம் வழங்கும் வாரியங்களும் பார்க்கலாம். பொதுமக்கள் பார்க்க முடியாது. பல் மருத்துவர் தன் சொந்தப் பணத்திலிருந்து திருப்பிக் கொடுத்ததையும் பதிய வேண்டும் என்று அரசு விதி வகுத்தபோது, அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வழக்குத் தொடர்ந்து 1993இல் வென்றது. சட்டம் நிறுவனங்களைப் பற்றித்தான் பேசுகிறது, தனிநபரைப் பற்றி அன்று என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். சட்டத்தின் வாசகத்தைப் படித்தால் தீர்ப்புச் சரியாகவே தோன்றுகிறது. விளைவு என்னவோ இரட்டைத்தன்மை கொண்டது. பதிவாகாது என்ற நிம்மதியில் பணத்தைத் திருப்பித் தர முன்வரும் மருத்துவர்களும் உண்டு. ஆண்டுதோறும் பல பேருக்குச் சத்தமில்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே கைவேலையைத் தொடரும் ஒருவர் எந்தப் பட்டியலிலும் சிக்காமல் இருப்பதற்கும் அதுவே வழி. மூடி வைத்தல் எல்லை மீறியதாக மக்கள் உணர்ந்த இடமும் உண்டு. ஃப்ளோரிடாவில் 2004இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் மாநில அரசியலமைப்பையே திருத்தி, மருத்துவத்தில் நேர்ந்த பாதகங்களைப் பற்றிய பதிவுகளைப் பார்க்கும் உரிமையை நோயாளிகள் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த அனுபவங்களிலிருந்து எனக்குத் தெளிவாகும் எல்லைக்கோடு ஒன்றுதான். குழுவினர் தங்களுக்குள் சொன்ன கருத்து, எழுப்பிய ஐயம், ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசியது ஆகியவை மூடியிருக்கட்டும். எக்ஸ்ரே, கேஸ் ஷீட், கொடுத்த மருந்து, லேபுக்கு அனுப்பிய குறிப்பு, கட்டண ரசீது ஆகியவை நோயாளியின் உண்மைகள். குழுவின் மேசையைத் தொட்டுவிட்ட காரணத்தால் அவை ரகசியமாகிவிடக் கூடாது. வேறு இடத்திலிருந்து கிடைக்கக்கூடிய மூலப் பதிவுகளுக்குக் காப்பு இல்லை என்பதை அமெரிக்க மாநிலச் சட்டங்கள் பல எழுத்திலேயே சொல்லிவிட்டன. இங்கே இதை இன்னும் அழுத்தமாக எழுத வேண்டியிருக்கும், ஏனென்றால் எக்ஸ்ரேயைக் கேட்டால் 'அது ஆபீஸ் காப்பி' என்று பதில் சொல்லும் கிளினிக்குகள் நம்மிடம் ஏராளம்.

உயிருக்கு ஆபத்தானது எதுவும் அறைக்குள் தங்கவே கூடாது. திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய மூளைத் தொற்றில் எட்டுப் பேர் உயிரிழந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023ஐ ஒட்டி நேர்ந்த அந்த மரணங்கள், வேலூர் சிஎம்சி மருத்துவர்களும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தாரும் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையினரும் சேர்ந்து செய்த ஆய்வு 2025இல் வெளிவந்த பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டன. ஈறைப் பிரிக்கும் எலிவேட்டர் என்ற கருவியைத் தூய்மைப்படுத்தாமல் அதைக் கொண்டு சலைன் பாட்டிலைத் திறந்ததும், திறந்த பாட்டிலைச் சரியாக மூடாமல் வைத்து அடுத்தடுத்த நோயாளிகளுக்குப் பயன்படுத்தியதும்தான் கிருமி பரவிய வழி என்று அந்த ஆய்வு காட்டியது. சலைன் பாட்டிலை எதனால் திறக்கிறார்கள் என்பது கிளினிக்கில் நிற்கும் உதவியாளர்கூடப் பார்க்கிற செய்தி. ஒரு சக மருத்துவரோ உதவியாளரோ அச்சமின்றிச் சொல்லக்கூடிய இடம் ஒன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பதில் பயனில்லை. இத்தகைய செய்தி எந்த ஆய்வுக் குழுவின் காதில் விழுந்தாலும், அன்றைக்கே மாவட்டச் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்கும் கடமை குழுவுக்கு இருக்க வேண்டும். ரகசியக் காப்பு அந்த இடத்தில் முற்றாக நின்றுவிட வேண்டும்.

சக மருத்துவர் ஆய்வு நமக்குப் புதிதும் அன்று. தமிழ்நாட்டில் பேறுகால மரணங்களைத் தனித்தனியே ஆராயும் முறை 1990களிலிருந்து இருக்கிறது. யாரைத் தண்டிப்பது என்று தேடாமல், எங்கே தாமதம் ஆனது, எதைத் திருத்தினால் அடுத்த தாய் பிழைப்பாள் என்று கேட்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. அந்த ஆய்வுகள் நாளடைவில் குற்ற விசாரணையின் சாயலைப் பெற்றுவிட்டதாக அரசு மருத்துவர்கள் குறைபடுவதும் உண்டு. அந்தக் குறை உண்மையாகும் அளவுக்குப் பதில்களும் சுருங்கத்தான் செய்யும்.

பல் மருத்துவர்கள் சட்டம் 1948க்குப் பதிலாக 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு, ஒழுக்கத்துக்கும் பதிவுக்கும் தனி வாரியம் வகுக்கப்பட்டிருக்கிறது. அதன் விதிகளில் சக மருத்துவர் ஆய்வுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாக வேண்டுகிறேன். விதிகளால் மட்டும் சாட்சியச் சட்டத்தை மாற்றிவிட முடியாது என்பதால், காப்புக்கு நாடாளுமன்றம்தான் சட்டம் செய்ய வேண்டும். புகாருக்கு உள்ளானவரின் ஊரில் தொழில் செய்பவர் குழுவில் உட்காரக் கூடாது. கும்பகோணத்துப் புகாரைத் திருநெல்வேலிக்காரர்கள் பார்க்கட்டும். பல் மருத்துவர் அல்லாத ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும். நல்லெண்ணத்துடன் தகவல் தந்த மருத்துவரையோ உதவியாளரையோ வேலையிலிருந்து நீக்குவதும் அவர்மீது வழக்குப் போடுவதும் தடுக்கப்பட வேண்டும். ஒருவர் மீது ஒரே வகைக் குறை மூன்றாம் முறை உறுதியானால் விவகாரம் மாநிலப் பல் மருத்துவ மன்றத்துக்குத் தானாகவே போக வேண்டும், அதற்குப் பிறகு மூடி வைக்க எந்த நியாயமும் இல்லை. நோயாளிக்குக் குழு என்ன முடிவு செய்தது, எந்தப் பதிவுகளைப் பார்த்து முடிவு செய்தது, கட்டணம் திரும்ப வருமா, வராதா, நீதிமன்றம் செல்ல அவருக்கு இன்னும் உள்ள காலக்கெடு எவ்வளவு என்பவற்றைக் கூறும் கடிதம், அவர் படிக்கக்கூடிய தமிழில், 90 நாட்களுக்குள் கையில் கிடைக்க வேண்டும். நுகர்வோர் வழக்குக்கு இரண்டாண்டுக் கெடு இருக்கிறது. குழு எடுத்துக்கொள்ளும் நாட்கள் அந்தக் கெடுவில் சேராது என்றும் சட்டத்தில் எழுதிவிட்டால், விசாரணையை இழுத்தடித்தே நோயாளியின் வழக்கைக் காலாவதியாக்கும் உத்தி எடுபடாமல் போகும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசுப் பல் மருத்துவர்,
கும்பகோணம்.